சுடலைக்கண்ணின் வெள்ளை விரல்

ஏரல் பக்கம் ஒரு சின்னப் பெயிண்ட் கம்பெனி. முதலாளி ஆவுடையப்பன் ஒருநாள், "டைட்டானியம் டை ஆக்சைடுன்னா சும்மாவா? பெயிண்டு, பிளாஸ்டிக், பற்பசை, முகப்பவுடர், எல்லா வெளுப்பும் இந்தப் பொடிதாம்டே" என்று பெருமையாகச் சொன்னார். மறுநாள் வேலையாட்கள் மூவரும் அந்தப் பொடியை அப்பிக்கொண்டு, சுண்ணாம்படித்த சுவர் மாதிரி முகத்தோடு வந்து நின்றார்கள்.

அவர்களில் மாசானம் மேஸ்திரி. ரொம்பப் பொறுப்பானவன். சிக்கலே அங்கேதான்.

முதலாளி அவனைக் கூப்பிட்டார். "மாசானம், காண்ட்ராக்டர் வாராரு. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைப் பெயிண்டு வேணுமாம். இந்த ஆர்டர் போச்சுன்னா கம்பெனிக்குப் பூட்டுதான். சுவத்துல கறுப்புக் கோடு போட்டு, மேல ஒரு கை பெயிண்டு அடி. கோடு மறையணும். அதை அவருக்குக் காட்டணும்."

மாசானம் கோடு போட்டான். அடித்தான். கோடு மறைந்தது. அவன் மூக்கு முட்டச் சுவரில் தேடினான்.

"ஏலே, கோட்டைக் காணோம்லே!"

"மறையணும்னுதான சொன்னாரு?" என்றான் இன்னொருவன், சுடலைக்கண்.

"காட்டணும்னும் சொன்னாருல்லா? காணாமப்போனதை எப்படிலே காட்ட?"

மறுபடி கோடு போட்டார்கள். மறையவேண்டுமே, அடித்தார்கள். மறைந்தது. காட்டவேண்டுமே, மறுபடி போட்டார்கள். பாதி டிரம் சுவரில் ஏறிவிட்டது.

மூன்றாமவன் தங்கப்பழம் யோசனைக்காரன். "அண்ணாச்சி, கோடு நழுவுது. யாராச்சும் பிடிச்சுக்கிட்டா என்ன?"

சுடலைக்கண் கோட்டின்மேல் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டான். மாசானம் விரலோடு சேர்த்து அடித்தான்.

காண்ட்ராக்டர் வந்தார். "கோடு எங்கப்பா?"

"இவன் பிடிச்சு வச்சிருக்கான், ஐயா."

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "எடுலே விரலை!"

எடுத்தான். விரலகலத்துக்கு அட்டைக்கரிக் கறுப்பு. சுற்றிலும் பால் மாதிரி வெள்ளை. காண்ட்ராக்டர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு கறுப்பையும் ஒரே கையில அமுக்கியிருக்கே! இப்படிப் பக்கத்துல வச்சு எவனும் காட்டலவே. இருபது டிரம் அனுப்பும். அச்சு அசலா இதே மாதிரி இருக்கணும்."

முதலாளி ஆனந்தத்தில் ஆர்டர் புத்தகத்தை எடுக்க ஓடினார். மாசானத்துக்கோ முகம் வாடிப்போயிற்று.

"இதே மாதிரின்னா, டிரம்முக்கு ஒரு விரல் வேணும்லே. இவன்ட்ட பத்துதான இருக்கு?"

மூவரும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தார்கள். சுடலைக்கண் கைவிரல்களை எண்ணி முடித்துவிட்டு, குனிந்து செருப்பைக் கழற்றினான்.