ஆணியில் தொங்கிய தலைக்கயிறு

"தணிகையோட சுத்தியல்லதான் ஏதோ இருக்கு, மேஸ்திரியம்மா" என்றார் காசிலிங்கம்.

லூர்து கையிலிருந்த தகட்டைத் திருப்பினாள். "என்ன இருக்கு?"

"தெரியல. அவன் அடிச்சா தகடு சொன்ன பேச்சு கேக்குது. நான் அடிச்சா எதுத்துப் பேசுது."

ஓசூருக்கு வெளியே இருந்தது அந்தப் பட்டறை. அங்கே இரும்புத் தலைக்கவசம் செய்தார்கள்.

கடல் தாண்டிய ஊர்களில் சிலர் விடுமுறை நாட்களில் பழங்காலப் போர்களை மறுபடி நடிக்கிறார்கள். உடை, செருப்பு, சாப்பாடு எல்லாம் அந்தக் காலத்துப்படி. வாள் மழுங்கியது. அடி மட்டும் நிஜம்.

குதிரைவீரனின் கவசத்தைச் செய்ய நிறையப் பேர் இருந்தார்கள். லூர்து காலாட்படைக்காரனுக்கு மட்டும் செய்தாள். தொப்பி போல, சுற்றிலும் விளிம்பு வைத்து, முகத்தைத் திறந்து விட்ட கவசம்.

காசிலிங்கம் அவளைவிட வயதில் மூத்தவர். பஸ் பாடி கட்டும் வேலையை விட்டுவிட்டு அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர். தணிகை அவருக்குப் பிறகு வந்தவன்.

அதுதான் வலித்தது.

இப்போது அப்படி நடிக்கும் ஒரு படைக்குழு மொத்தமாகக் கவசம் கேட்டிருந்தது. முதலில் தலைவனுக்கு ஒரு மாதிரி. இருவரும் ஆளுக்கொன்று செய்ய வேண்டும். எது தேறுகிறதோ, அதைச் செய்தவரின் முத்திரைதான் அத்தனை கவசங்களின் உள்விளிம்பிலும் விழும்.

தலைவனின் தலை அளவுக்கு லூர்து இரண்டு கயிறு வெட்டினாள். சுற்றளவு காட்ட ஒரு முடிச்சு. நெற்றியிலிருந்து பிடரி வரை காட்ட இன்னொரு முடிச்சு. சுருட்டி, சிவப்பு நூலால் கட்டி, ஆளுக்கொன்று கொடுத்தாள். அந்தப் பட்டறையின் வழக்கம் அது.

தணிகை நூலை அறுத்துக் கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டான். காசிலிங்கம் அப்படியே ஆணியில் மாட்டினார்.

அதன் பிறகுதான் சுத்தியல் பேச்சு வந்தது.

லூர்து எழுந்து போனாள். தணிகையின் சுத்தியலை வாங்கி வந்து காசிலிங்கத்திடம் கொடுத்தாள்.

மறுநாள் அவர் மறுபடி வந்தார்.

"சுத்தியல் இல்ல மேஸ்திரியம்மா. அவன் மரக்கட்டை. தகட்ட வச்சு அடிக்கற குழி அதுல பதமா விழுந்திருக்கு."

கட்டையும் வந்தது. தணிகையே உருட்டிக்கொண்டு வந்தான்.

"செருப்பும் வேணுமாண்ணே? ஒம்போது சைஸு."

"சிரிக்கிறான் பாருங்க."

"பாக்கறேன்" என்றாள் லூர்து.

தகடு இன்னும் எதிர்த்துப் பேசியது.

"எதுக்க உக்காந்திருக்கான், அதான் தொந்தரவு. வாயில பாட்டு வேற. அந்த மூஞ்சியப் பாத்தாலே கை தடுமாறுது."

"எங்க உக்காரணும்?"

காசிலிங்கம் யோசித்தார். "அவனுக்குப் பின்னால."

லூர்து இடத்தை மாற்றிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவர் குறை சொல்லவில்லை.

முன்னால் தணிகையின் தலை. முடி ஒட்ட வெட்டிய தலை. பின்மண்டை சுரைக்காய் போல நீண்டிருக்கும். குனியும்போது பிடரிக்கு மேலே ஒரு மேடு தெரியும். இதற்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்தபடியே காசிலிங்கம் அடித்தார்.

அவன் தகட்டைத் திருப்பினால் இவரும் திருப்பினார். அவன் டீ குடிக்க எழுந்து போனால், இவர் கை சும்மா இருந்தது.

வேலை முடிந்தது. இரண்டு கவசங்களில் காசிலிங்கத்துடையதுதான் அதிகம் பளபளத்தது. தம் முத்திரையை உள்விளிம்பில் முன்கூட்டியே அடித்தும் விட்டார்.

"சூப்பரா வந்திருக்குண்ணே" என்றான் தணிகை. மனதாரச் சொன்னான். அதையும் காசிலிங்கத்தால் தாங்க முடியவில்லை.

லூர்து ஒரு மரத்தலையில் துணி சுற்றித் தலைவனின் அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். தணிகையின் கவசத்தை அதில் கவிழ்த்தாள். தடியால் ஓங்கி ஒரு அடி.

அசையவில்லை.

காசிலிங்கத்தின் கவசத்தைக் கவிழ்த்தாள். அடித்தாள். அது முன்பக்கமாக வழுக்கி, விளிம்பு மரமூக்கில் போய் இடித்தது.

"மூக்கு போச்சு" என்ற தணிகை, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"மரத்தலை சரியில்ல" என்றார் காசிலிங்கம்.

லூர்து கவசத்தை அவர் தலையிலேயே வைத்தாள். விரலால் தட்டினாள். அது இறங்கிக் கண்ணை மறைத்தது.

கவசத்துக்குள்ளிருந்து அவர் பேசினார்.

"நல்ல வேலை, மேஸ்திரியம்மா. வேற எதையும் நினைக்காம அடிச்சிருக்கேன். எந்தத் தலைக்கும் சேராமப் போகாது."

"போகாது" என்றாள் லூர்து.

கவசத்தை எடுத்தாள். தணிகையிடம் போய் அவன் தலையில் வைத்தாள்.

பிடரி மேட்டின் மேல் அது வந்து உட்கார்ந்தது, அங்கேயே வளர்ந்தது போல.

தடியால் அடித்தாள். பக்கவாட்டில் அடித்தாள். பின்னாலிருந்து அடித்தாள்.

அசையவில்லை.

காசிலிங்கம் திரும்பி ஆணியைப் பார்த்தார். கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு நூல் அறுபடவே இல்லை.

தணிகை விளிம்பை மெல்லத் தடவினான். அவன் குரலில் கேலி இல்லை.

"அண்ணே, என் தலைய எப்ப அளந்தீங்க?"