கறுப்பு வெல்வெட் அங்கி

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வெனிஸ் நகரத்தில் கஸ்பாரோ என்றொரு வியாபாரி இருந்தான். ஒருமுறை அவன் மலை தாண்டி ஜெர்மானியச் சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. வழியில் அடர்ந்த காடு. போன வாரம்தான் அங்கே கொள்ளையர்கள் ஒரு பட்டு வியாபாரியைக் கொன்று, உள்சட்டை வரை உருவிக்கொண்டு போயிருந்தார்கள்.

துணைக்கு அவனுடைய குரு ஒனோஃப்ரியோ வந்தார். அவனைவிட வயதில் இளைய துறவி.

"குருவே, இந்தப் பயம் எப்போதுதான் போகும்?"

குரு அவனை மேலும் கீழும் பார்த்தார். கணுக்கால் வரை கறுப்பு வெல்வெட் அங்கி. உள்ளே மெத்தென்ற ரோமத்தோல். விளிம்புத் தையலுக்குள் அவன் விற்கக் கொண்டுபோகும் மாணிக்கங்கள்.

"சாதாரணத் துணியில் வரக் கூடாதா?"

"இந்த அங்கியைப் பார்த்துத்தான் சந்தையில் என்னை நம்புகிறார்கள், குருவே. இது இல்லையென்றால் நான் யாரோ."

"காடு தாண்டும்வரை எனக்குக் கொடு. என்னுடையதை நீ போட்டுக்கொள்."

மாற்றிக்கொண்டார்கள். துறவியின் முரட்டுக் கம்பளி உடம்பெல்லாம் குத்தியது. ஆனாலும் கஸ்பாரோவுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. பிச்சையெடுக்கும் சாமியாரை யார் சீண்டப் போகிறார்கள்?

நடுக்காட்டில் மூன்று பேர் சத்தமில்லாமல் வந்து மறித்தார்கள். கஸ்பாரோவை ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவன் குருவின் கழுத்தில் கத்தியை வைத்தான்.

"நகையை எங்கே ஒளித்திருக்கிறாய், வியாபாரி?"

குரு பேசவில்லை. கத்தி அழுந்தியது. வெல்வெட்டின் மேல் ரத்தம் வழிந்தது.

 கஸ்பாரோ வாயைத் திறக்காமல் நின்றால் உயிர் பிழைக்கலாம்.  பிறகு, வேறு யாரோ பேசுவதுபோல் அவன் குரலே அவனுக்குக் கேட்டது.

"அவர் துறவி. வியாபாரி நான்தான். கல்லெல்லாம் அங்கி விளிம்பில் இருக்கிறது. அவரை விட்டுவிடுங்கள்."

அவன் முகத்தில் ஓர் அறை விழுந்தது. அங்கியை உருவிக்கொண்டு மூவரும் மரங்களுக்குள் மறைந்தார்கள்.

கஸ்பாரோ தரையில் உட்கார்ந்துவிட்டான். 

"உங்கள் உடையைப் போட்டும் பயம் போகவில்லை, குருவே. இப்படி ஒரு பயத்தை என் ஆயுளில் நான் அறிந்ததில்லை."

குரு கழுத்துக் காயத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குளிரில் வெற்றுடம்போடு நின்றார்.

"அந்தப் பயம் அங்கிக்காகவா?" என்று கேட்டார்.

கஸ்பாரோ எழுந்து, தான் போட்டிருந்த கம்பளியைக் கழற்றி அவர் தோளில் போர்த்தினான்.