ஓடாத ஆற்றுத் தண்ணீர்

ரங்கியின் நாத்தனார் தண்ணீருக்குப் போன வழியில் யானை மிதித்துச் செத்தாள். அதன் பிறகுதான் அவர்கள் குடியிருந்த இருளர் பதிக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் குழாய்த் திட்டம் வந்தது. சப்-கலெக்டர் நடத்திய கூட்டத்தில் விடுதி முதலாளி தேவராஜ் அதை எதிர்த்து எழுந்தார்.

"ஆத்துல ஒரு சொட்டு குறைஞ்சாலும் மீன் சாகும், கீழூர் வயல் காயும்!"

சப்-கலெக்டர் தயங்கினார். "ஆறு குறையாம தண்ணி எடுக்க வழியிருக்கா?"

ரங்கி எழுந்தாள்.

"இருக்குதுங்க. ஓடுற தண்ணி வேண்டாம். ஓடாம நிக்கிற ஆத்துத் தண்ணியக் குடுங்க. முதலாளியோட விடுதிப் படகுக் குளத்துல நிக்குது."

"அது போர் போட்டு எடுத்த தண்ணி!" என்று கத்தினார் தேவராஜ்.

"போர்ல ஆத்துக் கெண்டை மீனும் ஏறி வருதுங்களா?"

கூட்டமே குளத்துக்கு நடந்தது. ஆற்றிலிருந்து குளத்துக்குப் பாறைக்கடியில் ஒளித்துப் போட்ட குழாய் அகப்பட்டது. அதை அறுத்ததும் ஆற்றில் தண்ணீர் ஏறியது. ஏறியதில் கொஞ்சம் பதிக்குப் போனது; மீதியெல்லாம் கீழூருக்கு ஓடியது.