மொத்தையன் வாசல் கட்டை

மலையடிக் காட்டில் மொத்தையன் என்று ஒரு கரடி இருந்தது. அதன் குகை வாசலில் ஓர் ஒதிய மரம். போன மழைக்காலத்தில் யானை ஒன்று வந்து அதில் முதுகைச் சொறிந்தது. யானை சொறிந்தால் ஒதிய மரம் தாங்குமா? மடக்கென்று முறிந்து விழுந்தது. அடிக்கட்டை மட்டும் வாசலை மறித்துக்கொண்டு நின்றது.

மொத்தையனுக்குக் கண் பார்வை கொஞ்சம் மட்டம். கறையான் புற்றைத் தோண்டித் தின்றுவிட்டு வீடு திரும்பும்போதெல்லாம் கட்டையில் இடறிக்கொள்ளும்.

“ஐயோ, என் கால் போச்சே!”

கோபத்தில் கட்டையின் துளிரையெல்லாம் ஒடித்துப் போடும். ஒதியனாச்சே, சும்மா இருக்குமா? ஒன்றை ஒடித்தால் நாலு முளைக்கும். போதாததற்கு, மண்ணுக்குள் ஓடிய வேரிலிருந்தும் குருத்து எட்டிப் பார்க்கும்.

“இன்னைக்கு நீயா நானா, பார்த்துடறேன்!” என்று ஒருநாள் மொத்தையன் நகத்தை நீட்டி மண்ணைப் பறிக்க ஆரம்பித்தது. உடனே புதரிலிருந்து ஒரு முயல் பாய்ந்து வந்தது. அதன் பெயர் வெடுக்கி.

“அண்ணே, அண்ணே! தோண்டாதீங்க!”

“ஏன்? இது உன் வீட்டு வாசலா?”

“கோடையில காட்டுல பச்சைன்னு ஒண்ணு இருக்கா, நீங்களே சொல்லுங்க! ஓடைக்கரையில கொஞ்சம் இருக்கு, அங்கே போனா நரி! வீட்டுல குட்டிங்க பாலுக்குக் கத்துது. தினமும் வந்து இந்தத் துளிரையெல்லாம் நானே தின்னுடறேன். துளிரே இல்லேன்னா வேர் தானா செத்துடும். அப்புறம் ஒரு உதைக்குக் கட்டை பெயர்ந்துடும். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?”

“சரி, தின்னு. ஆனா சீக்கிரம் தின்னு!”

மறுநாளிலிருந்து வெடுக்கி தவறாமல் வந்தது. தின்கிற வாய் சும்மா தின்னுமா? பேசிக்கொண்டேதான் தின்னும். எந்த மயிலுக்கும் எந்தக் குரங்குக்கும் சண்டை, எந்த நரிக்கு வால் முடி கொட்டுகிறது, எல்லாம் சொல்லும். மொத்தையன் வாசலில் படுத்துக்கொண்டு, “அப்புறம்? அப்புறம்?” என்று கேட்கும்.

அதற்கு முன் அதனோடு பேச யார் இருந்தார்கள்? கரடியைக் கண்டதும் எல்லாம் ஓடும். மொத்தையனும் “போனா போகட்டும்” என்று வீறாப்பாக இருந்துவிடும். பாவம், வெறும் வீறாப்புதான்.

வெடுக்கியும் லேசுப்பட்டதில்லை! தின்றுவிட்டுப் போகும்போது கட்டையின் பின்பக்கம் ஒரு துளிரை மட்டும் விட்டுவைக்கும். அதையும் தின்றால் வேர் செத்துவிடுமே, அப்புறம் குட்டிகள் கதி? அதனால் கட்டை செழித்தது. மொத்தையனும் விடாமல் இடறியது. ஒருநாள் இடறிய இடியில் கால் நகம் இரண்டாகப் பிளந்துவிட்டது.

அந்த வழியாக வந்த காட்டுப்பன்றி தடிவீரன் அதைப் பார்த்துவிட்டது.

“என்ன மாப்ளே, நொண்டுறே?” என்று கேட்டபடி கட்டையைச் சுற்றி வந்து மோந்தது. “அட மக்கு! அந்த முயல் உன்னை நல்லா ஏமாத்துது! பின்னால துளிரை விட்டுட்டுப் போனா வேர் எப்படிச் சாகும்?”

அந்த நேரம் பார்த்து வெடுக்கி வந்து நின்றது. காது இரண்டும் மடங்கிவிட்டன.

“ஆமாண்ணே, குட்டிங்களுக்காகப் பண்ணிட்டேன்” என்றது. கண் கலங்கியது.

மொத்தையன் தலையைச் சொறிந்தது. “எனக்குத் தெரியும்.”

“தெரியுமா!” என்று இரண்டும் கத்தின.

“கண்ணுதானே மட்டம்? மூக்கு நல்லாத்தானே இருக்கு!”

“புற்றையே பொடியாக்குற நகம் வெச்சிருக்கே!” என்றது தடிவீரன். “தெரிஞ்சும் ஏன்டா இதைத் தோண்டாம விட்டே?”

மொத்தையன் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னது: “கட்டை போயிட்டா, தங்கச்சி எதுக்கு இங்கே வரப்போவுது?”

வெடுக்கி பிளந்த நகத்தைப் பார்த்தது. அதற்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

“நான் வரணும்னு காலை உடைச்சுக்குவீங்களா? நல்லா இருக்கே நியாயம்! தடிவீரன் அண்ணே, தோண்டுங்க! வேரோட தோண்டுங்க!”

“அப்போ உன் குட்டிங்க?” என்றது மொத்தையன்.

“அதை நான் பார்த்துக்கறேன். தோண்டுங்க!”

பன்றி மூக்கால் உழுதது. கரடி நகத்தால் பறித்தது. முயல் சில்லறை வேரையெல்லாம் கொறித்துத் துண்டித்தது. சாயங்காலத்துக்குள் கட்டை பெயர்ந்து, சரிவில் உருண்டு போனது.

மறுநாள் காலை மொத்தையன் வெளியே வந்தது. கால் இடறவில்லை. ஆனாலும் அதற்குச் சந்தோஷமே இல்லை. குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைத் தூக்கி மோந்துகொண்டே இருந்தது. வெயில் ஏறியது. வெடுக்கியைக் காணோம்.

“நான்தான் சொன்னேனே” என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

உச்சி வெயிலில் வாசலிலிருந்து முயல் வாசனை வந்தது. ஒரு முயல் இல்லை, ஒரு கூட்டமே!

“நேரமாயிடுச்சுண்ணே! துளிருக்கு ஓடைக்கரை வரைக்கும் போயிட்டு வரேன். இதுங்க வேற, மாமா வீட்டுக்குப் போகணும்னு ஒரே நச்சரிப்பு!”

குட்டிகள் அதற்குள் மொத்தையனின் வயிற்றில் ஏறிவிட்டன.

“கட்டைதான் இல்லையே, தங்கச்சி?”

“கட்டையைப் பார்க்கவா வந்தேன்? காலைக் காட்டுங்க, நகம் ஆறுதான்னு பார்க்கறேன்!”

மொத்தையன் காலை நீட்டியது.

“நாளையிலேருந்து ஓடைக்கு நான் துணைக்கு வரேன். எந்த நரி வருதுன்னு பார்த்துடறேன்!” என்றது. “அது சரி, அந்த மயில் சண்டை அப்புறம் என்னாச்சு?”

தேவை தீர்ந்த பிறகும் தேடி வருகிறவரே உறவு. அவரை வரவழைக்க நம் காலை நாமே இடறிக்கொள்ள வேண்டியதில்லை.