யார் தின்பது இந்தக் கடலையை?

பொன்னம்பல மிராசுதார் வீட்டுக் குழம்பில் கொண்டைக்கடலை மட்டும் வேகவே வேகாது. "வேகாததுக்கு யார் காரணமோ, அவரே பானை முழுக்கத் தின்னணும்" என்பது அவர் போட்ட சட்டம். வந்த சமையல்காரர்களுக்கெல்லாம் பல் உடைந்ததுதான் மிச்சம்.

கடைசியில் பாத்திரம் தேய்க்கிற மாடத்தியை அடுப்படிக்குள் தள்ளினார்கள்.

மாடத்திக்கு வெகுநாளாக ஒரு குடைச்சல். பானையில் ஒட்டிய கடலை, சூடான சாம்பல் தண்ணீரில் ஊறினால் மட்டும் விரலில் மாவாய்க் குழைகிறதே, அது ஏன்?

"எசமான், சட்டம் எல்லாருக்கும்தானே?"

"எவனாயிருந்தாலும்!" வேடிக்கை பார்க்கக் கூடிய ஊரார் முன்னால் மீசையை முறுக்கினார் மிராசுதார்.

இரண்டு பானை ஏற்றினாள். முதலிலேயே புளி விழுந்தால்தான் ருசி என்பது மிராசுதார் உத்தரவு. அப்படியே ஒன்றில் புளியைக் கரைத்து ஊற்றினாள். மற்றதில் புளி இல்லை, சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த நீர் கொஞ்சம். ஊரே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. ஒரே கடலை, ஒரே தீ. சாம்பல் நீர்ப் பானையில் தோல் கழன்று வெண்ணெயாய்க் குழைந்தது. புளிப் பானையில் கடலை கலகலவென்று உருண்டது.

"சாம்பத் தண்ணி கடலையை இளக்குது, புளி இறுக்குது எசமான். புளியை முதல்லயே ஊத்தச் சொன்னது யாருங்க?" என்று பணிவாய்க் கேட்டு, புளிப் பானையை அவர் முன்னால் இறக்கினாள்.

மிராசுதார் வாயே திறக்கவில்லை. திறந்தால் கடலையைப் போட்டுவிடுவார்களே!