தளவாய் வீட்டில் தங்கிய பிடாரர்கள்

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குச் சந்தேகம் வந்தால் சபைக்கே தூக்கம் போய்விடும். அப்படி ஒரு ராஜா, பக்கத்து நாட்டுக் கொடுங்கோலனைப் படையெடுத்து விரட்டினார். அந்நாட்டு மக்கள் மகிழ்ந்து பொங்கல் வைத்தார்கள். ஓராண்டு ஆகியும் படை திரும்பவில்லை. அந்த மக்களின் நெல்லைத் தின்றுகொண்டு, அவர்கள் கோயில் மண்டபத்தில் குதிரைகளைக் கட்டிக்கொண்டு அங்கேயே கிடந்தது. இந்த ஆண்டு பொங்கல் வைக்க அவர்களிடம் அரிசி இல்லை.

"நம் படை இன்னும் எத்தனை நாள் அங்கே இருக்க வேண்டும்?" என்று ராஜா சபையில் கேட்டார்.

தளவாய் மழவராயர் எழுந்தார். "மக்களின் பயம் நீங்கும்வரை, மகாராஜா! பகலிலேயே கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், பாவம்."

"கொடியவன் போய்விட்டான். படையை இன்றே அழைத்துவிடலாம், மகாராஜா" என்றான் விகடகவி செண்டலங்காரன்.

தளவாய்க்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "போர்க்களம் பார்க்காதவன் பேசுகிறான்! சொன்னதை நிரூபிக்கட்டும், இல்லையேல் நாடு கடத்துங்கள்."

"ஏழு நாள் தருகிறேன்" என்றார் ராஜா.

மூன்றாம் நாள் தளவாய் வீட்டு அடுக்களையில் ஒரு நல்ல பாம்பு புகுந்தது. எப்படிப் புகுந்தது என்று நாம் விசாரிக்க வேண்டாம். செண்டலங்காரன் உடனே பாம்பு பிடிக்கும் பிடாரர்கள் பன்னிரண்டு பேரை அனுப்பினான். கண்மூடித் திறப்பதற்குள் பாம்பைப் பிடித்துவிட்டார்கள். தளவாயே கைதட்டினார். ஆனால் அவர்கள் கிளம்பவில்லை. கூடத்தில் பாயை விரித்தார்கள், பாம்புக் கூடைகளை அடுக்களையில் வைத்தார்கள், மூன்று வேளையும் சாப்பிட்டார்கள்.

ஏழாம் நாள் தளவாய் சபைக்கு ஓடிவந்தார். "மகாராஜா! பாம்பு பிடித்தாயிற்று. இவர்கள் போகமாட்டேன் என்கிறார்கள்!"

"வீட்டில் பயம் நீங்கியதும் வரச் சொல்லியிருக்கிறேன்" என்றான் செண்டலங்காரன். "நீங்கிவிட்டதா, தளவாய் அவர்களே?"

"எங்கே நீங்கியது? என் மனைவி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரவே இல்லை!"

"அப்படியானால் அவர்கள் இருக்கத்தான் வேண்டும்."

"அட, அவள் பயப்படுவதே இவர்களைப் பார்த்துத்தானய்யா!"

தாம் சொன்னது தமக்கே கேட்டுவிட்டதால் தளவாய் மெல்ல உட்கார்ந்தார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். படை திரும்ப அப்போதே ஆள் அனுப்பினார். தம் தோளிலிருந்த பட்டு உத்தரீயத்தை எடுத்துச் செண்டலங்காரனுக்குப் போர்த்தினார். பிடாரர்களும் அன்றே கிளம்பினார்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

படை எல்லையைத் தாண்டிய அன்று, பக்கத்து நாட்டில் தெருக்கதவுகள் எல்லாம் பகலில் திறந்து கிடந்தன.