பேர் நிக்கணும்

அரிசி ஆலை அம்பலவாணர் பெரும் பணக்காரர்; பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்ததோ ஒரே ஒரு ஃபேன். அதன் றெக்கையில் 'உபயம் அம்பலவாணர்' என்று எழுதச் சொல்லி, "என் பேர் நிக்கணும், ஆமா!" என்று அதட்டினார். துணைவேந்தரே தலையாட்டிவிட்டார். நன்கொடைப் பிரிவு எழுத்தர் பூங்காவனத்துக்கோ ஒழுகுகிற நூலகத்தை நினைத்து வயிறு எரிந்தது.

பாராட்டு விழாவில் முதலாளி அந்த ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். பொன்னாடைக்குள் வேர்வை ஆறாய் ஓட, சுவிட்ச் பக்கத்தில் நின்ற பூங்காவனத்தைப் பார்த்துக் கத்தினார்.

"ஃபேனைப் போடும்மா!"

"போட்டா உங்க பேர் சுத்துமே ஐயா! நிக்கணும்னு சொன்னீங்களே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பின்னே, பேர் நிக்க என்னதான் வழி?"

"சுத்தாத பொருளாக் குடுங்க ஐயா. நூலகத்துக்கு ஒரு கட்டடம்!"

"சரி, கட்டித் தொலைக்கிறேன்! முதல்ல காத்து வரட்டும்!"

"அதை இதுல சொல்லுங்க ஐயா" என்று மைக்கை நீட்டி, அவர் சொல்லி முடித்த பிறகுதான் பூங்காவனம் சுவிட்சைத் தட்டினாள்.